முன்னால் போக விடாத வால்கவசம்

வால் இல்லாத மனிதன் வாலைப் பற்றி முப்பத்தொரு பக்கம் எழுதக் கூடாது. நான் எழுதினேன். எழுதியதோடு நிறுத்தியிருந்தால்கூட யாராவது மன்னித்திருப்பார்கள். எழுதியதைத் தகரத்தில் செய்து, இடுப்பில் மாட்டிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு என் வீட்டு முன்னறைக்குள் நடந்தும் வந்தேன். முன்னறையின் நீளம் பதினொரு அடி. நான் நடந்தது ஆறடி. அந்த ஆறடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நேரத்தையும் அடியையும் எப்படி இத்தனை சரியாகச் சொல்கிறேன் என்றால், எனக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. (பழக்கம் என்று நான் சொல்கிறேன். வீட்டில் வேறு வார்த்தை சொல்கிறார்கள்.) எந்தக் குடையை எந்தக் கிழமை வாங்கினேன், எந்தக் கிழமை டவுண் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தேன் என்பது வரைக்கும் பதிவு இருக்கிறது. இந்தச் சம்பவத்துக்கும் தேதி, மாதம், வருடம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் இங்கே எழுதப் போவதில்லை. அது என் மனைவி ரூபி போட்ட நிபந்தனை. "வருசத்தப் போட்டா அந்த மேடம் யாருன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிரும். பாவம், அவுக அன்னைக்குப் பட்டது போதும்" என்கிறாள்.

ரூபி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் தற்காலிக ஓவிய ஆசிரியையாக இருந்தாள். தற்காலிகம் என்றால் பதினொரு வருடத் தற்காலிகம். அந்தப் பதினொரு வருடமும் வீட்டில் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளின் விலங்கியல் ரெக்கார்டு நோட்டுகளுக்குப் படம் வரைந்து கொடுப்பாள். தவளையின் இதயம், புறாவின் சிறகெலும்பு, ஓணானின் தாடை என்று எங்கள் சாப்பாட்டு மேசையில் எப்போதும் ஏதாவது ஒரு பிராணி அறுபட்டுக் கிடக்கும். படத்துக்கு முழு மதிப்பெண் வரும். நோட்டின் அட்டையில் வேறு யாருடைய பெயராவது இருக்கும். பதினொரு வருடத்தில் அவள் வரைந்த எதிலும் ரூபி என்ற பெயர் கிடையாது.

அவள் தனக்கென்று வரைந்தவை கீரிகள் மட்டும்தான். ஆற்றுக்குப் போகும் வழியில் வயல் வரப்பில் இரண்டு காலில் எழுந்து நின்று நம்மைப் பார்க்குமே, அந்தக் கீரி. அதற்குத் தலைப்பாகை கட்டுவாள், கையில் ஈட்டி கொடுப்பாள், தோளில் தோல்பை மாட்டுவாள். பார்த்தால் ஒரு படையே கிளம்பி வருகிற மாதிரி இருக்கும். அந்தப் படங்களுக்கு நான் ஒரு கதை எழுதினேன். கீரிப்படைக்கும் உடும்புப்படைக்கும் ஆற்றங்கரைக்காக நடக்கும் சண்டை. எங்கள் ஏற்பாடு இதுதான்: கதை நான், படம் ரூபி. (அட்டையில் என் பெயர் முதலில் வரும் என்பதும் ஏற்பாட்டில் அடக்கம். ஏற்பாடு செய்தவன் நான்.)

மதுரையில் குழந்தைகள் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்துக்கு நான் ஒன்பது பக்கக் கடிதம் எழுதி, இரண்டு படங்களின் நகலை வைத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பதிப்பகத்தின் ஆசிரியர் அம்மையார் உறவுக்காரக் கல்யாணத்துக்காக டவுணுக்கு வருகிறாராம். சனிக்கிழமை நான்கு மணிக்கு எங்கள் வீட்டுக்கே வந்து அசல் படங்களைப் பார்ப்பாராம். பார்த்துவிட்டு அங்கேயே முடிவைச் சொல்லிவிடுவாராம்.

ரூபி அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தாள். பிறகு, "எனக்குப் பேச வராதுங்க" என்றாள்.

அது உண்மை. புதிய ஆட்கள் யாராவது அவளிடம் இரண்டு கேள்வி கேட்டால், மூன்றாவது கேள்விக்கு அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

"நீ பேசவே வேண்டாம். பேச நான் இருக்கிறேன்" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லா வினையும் தொடங்கியது.

பேச வேண்டுமென்றால் தயாராக வேண்டும் அல்லவா? படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது கேட்டேன்.

"ரூபி, தளபதிக்குத் தலையில் கவசம் இருக்கிறது. மார்பில் இருக்கிறது. முழங்காலில்கூட இருக்கிறது. வாலில்?"

"வேர்ல ஒரு சாண் தோல்பட்டை போட்டிருக்கேனே."

"மீதி வால்?"

"அதுக்கு ஒண்ணும் வேண்டாம்."

"போர்க்களத்தில் கிட்டத்தட்ட உடம்பு நீளத்துக்கு ஒரு உறுப்பை வெறுமனே தொங்கவிட்டுக்கொண்டு எந்த முட்டாள் போவான்?"

"நீங்க கீரியப் பாத்திருக்கியளா?"

"படித்திருக்கிறேன்."

அவள் குழம்பு ஊற்றினாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் கவசங்களைப் பற்றி நிறையப் படித்தவன். யானைக்கு நெற்றித்தகடு, குதிரைக்குப் பின்புறத் தகடு, போர்நாய்க்குக் கழுத்துப்பட்டை எல்லாவற்றையும் நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். அத்தனை புத்தகத்திலும் வாலுக்கு மட்டும் யாரும் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. உலக வரலாற்றில் ஒரு ஓட்டை, அதை அடைக்கிற வேலை பாளையங்கோட்டையில் பள்ளி எழுத்தராக இருக்கும் எனக்கென்று காத்திருக்கிறது என்று நினைத்தேன். (அந்த வயதில் எனக்கு இப்படி வாரத்துக்கு ஒரு ஓட்டை தென்படும்.)

புதன்கிழமை காலை ஆறு நாற்பதிலிருந்து ஏழு ஐந்து வரை எங்கள் தெருநாயின் பின்னால் நோட்டோடு நின்று, வால் எந்தப் பக்கம் எத்தனை தடவை ஆடுகிறது என்று கோடு போட்டேன். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, "நாய் எதுவும் கடிச்சிட்டா சார்?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஏன் சார் அதப் போட்டுக் கஷ்டப்படுத்துதிய?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலமே மேலப்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே மைதீன் பாய் ஆட்டோவுக்கு சீட் தைக்கிறார். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர். ரெக்சின், நுரைப்பஞ்சு, தகரம், ரிவெட் எது கொடுத்தாலும் அவர் கையில் ஒழுங்காக உட்காரும். என் வரைபடத்தை விரித்து வைத்தேன்.

"என்னவே இது, பாம்புக்குச் சட்டையா?"

"வாலுக்குக் கவசம்."

"யாருக்கு வாலு?"

"கீரிக்கு."

"கீரி எங்க?"

"கதையில."

மைதீன் பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல எல்லாரும் சுகந்தான?" என்று கேட்டார்.

நான் விளக்கினேன். உண்மையான கீரிக்கு வால் கிட்டத்தட்ட உடம்பு நீளம். என் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் நான்கடி வால். உள்ளே தும்புக் கயிறு, அதன்மேல் ரெக்சின் உறை, உறைமேல் எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய நாற்பத்திரண்டு தகடுகள். இதை நானே மாட்டிக்கொண்டு மேடத்தின் முன்னால் நிற்பேன். எங்கள் கதை எத்தனை ஆதாரத்தோடு எழுதப்பட்டது என்று அவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். ரூபிக்குத் தெரிய வேண்டாம், அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும்.

மைதீன் பாய் அதிகம் கேட்கவில்லை. தகடுகளை வெட்டி, ஓரத்தை மடித்துத் தட்டி ("இல்லன்னா உம்மையே அறுத்துப் போடும்"), வரிசையாக அடுக்கினார். ஓடு வேய்கிற மாதிரி, மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் படிந்து, வாயெல்லாம் வால்நுனியைப் பார்த்து இருந்தது.

"இல்லை, இல்லை. திருப்பிப் போடுங்க பாய். வாய் முதுகைப் பார்த்து இருக்கணும்."

"ஏன்வே? மழத்தண்ணி எப்படி ஓடும்? மேலேருந்து கீழதான?"

"மழை இல்ல பாய், போர். கீரி ஓடுது. எதிரி பின்னாலேருந்து கத்திய நீட்டுதான். தகட்டு வாய் அவனப் பாத்து இருந்தா கத்தி உள்ள நுழையும். முதுகப் பாத்து இருந்தா கத்தி வழுக்கிரும்."

மைதீன் பாய் ஒரு தகட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, வழுக்கிருச்சு. வழுக்கி எங்கவே வரும்?"

"எங்க வரும்?"

"வால் மேலயே வழுக்கிட்டு வந்தா, வால் எங்க முடியுதோ அங்கதான வந்து குத்தும்?"

டைரியில் 'ஆராய வேண்டும்' என்று குறித்துக்கொண்டேன். தகடுகளை மட்டும் நான் சொன்னபடியே திருப்பி அடிக்கச் சொன்னேன். இடுப்புக்குப் பழைய கார் சீட் பெல்ட் ஒன்றைக் கொக்கியோடு வைத்தார். அந்தக் கொக்கியையும் முதுகுப் பக்கம் வைக்கச் சொன்னேன். முன்னால் வைத்தால் எதிரி எட்டிக் கழற்றிவிடுவான் அல்லவா?

"பின்னால வச்சா நீரு எப்படிக் கழத்துவீரு?"

"வீரன் போர் முடிகிற வரை கழற்ற மாட்டான்."

"யா அல்லா" என்றார் மைதீன் பாய். கொக்கியைப் பின்னால் வைத்துத் தைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோதனை. இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் 'சோதிக்காமலா மாட்டினீர்கள்?' என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். சோதித்தேன். பட்டறை வாசலில் நின்ற ஆட்டோவின் கண்ணாடியில் என்னையே பார்க்க வேண்டும் என்று ஆசை. பக்கத்தில் நின்றால் கழுத்துதான் தெரிந்தது. அதனால் கண்ணாடியைப் பார்த்தபடியே பின்னால் நடந்தேன். ரெக்சின் சுருள்களுக்கு நடுவே, நூல்கண்டுகளுக்கு நடுவே, தொங்கும் சீட் உறைகளுக்கு நடுவே பதினைந்தடி பின்னாலேயே போனேன். எதிலும் படவில்லை, எதுவும் தடுக்கவில்லை. மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மைதீன் பாய் கொக்கியைக் கழற்றிவிட்டு, "முன்னாலயும் ஒருக்கா நடந்து பாரும்வே" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்றைய டைரியில் இருப்பது: 'எடை ஐந்து கிலோ முந்நூறு. இயக்கம் மிகச் சிறப்பு.'

வாலை அரிசிச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் ஒளித்தேன்.

சனிக்கிழமை. ரூபி காலையிலிருந்து சாப்பிடவில்லை. முன்னறை டீப்பாயில் அவள் அம்மா பின்னிய குரோஷா விரிப்பைப் போட்டாள். அதன் ஒரு பக்கம் பன்னிரண்டு படங்களையும் அடுக்கி வைத்தாள். எடுத்தாள், துடைத்தாள், மறுபடி வைத்தாள். "ஏங்க, பைய, நிதானமாப் பேசுங்க. கீரி ராஜா ஆண்ட வருசக் கணக்கெல்லாம் சொல்லாதிய" என்றாள். மேடம் சரியாக நான்கு மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெளிர்நீலக் கைத்தறிச் சேலை, கண்ணாடி, அளவான சிரிப்பு. நாற்காலியில் உட்கார்ந்து முதல் படத்தைக் கையில் எடுத்தார். அதையே ரொம்ப நேரம் பார்த்தார். ரூபி காப்பியும் அச்சுமுறுக்கும் கொண்டுவந்து, படங்களுக்கு எட்டாத மறு ஓரத்தில் ஜாக்கிரதையாக வைத்தாள்.

"இதோ வந்துவிடுகிறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு நான் உள்ளறைக்குப் போனேன்.

கட்டிலில் குப்புறப் படுத்து, கையைப் பின்னால் வளைத்து, கொக்கியை 'டக்' என்று மாட்டினேன். முப்பத்தொரு பக்க நோட்டைக் கையில் எடுத்தேன். அட்டையில் 'வால்கவசம்: தேவையும் அமைப்பும்' என்று எழுதியிருந்தேன். நேரம் பார்த்தேன், நான்கு பன்னிரண்டு. உள்ளறைக்கும் முன்னறைக்கும் நடுவே, ஸ்பிரிங் கம்பியில் தொங்கும் பூப்போட்ட திரை. அதை விலக்கிக்கொண்டு கம்பீரமாக வெளியே வந்தேன்.

"மேடம், போருக்குப் போகும் ஒரு கீரி..."

நான் வந்தேன். திரையும் வந்தது. முதுகைப் பார்த்து வாய் திறந்திருந்த நாற்பத்திரண்டு தகடுகளில் ஏதோ ஒன்று திரையின் ஓரத்தைக் கவ்விவிட்டது. ஸ்பிரிங் கம்பி ஒரு அடி நீண்டது, இரண்டடி நீண்டது. பின்னால் யாரோ இழுக்கிற மாதிரி இருந்தது. வீரன் பின்வாங்கலாமா? நான் இன்னும் வேகமாக முன்னால் போனேன். ஆணி பிடுங்கிக்கொண்டது. கம்பியும் திரையும் சேர்ந்து பறந்து வந்து என் பிடரியில் அடித்தன.

திடுக்கிட்டு முழுதாக ஒரு சுற்றுத் திரும்பினேன். நான்கடி வால் உள்ளவன் சிறிய அறையில் திரும்பக் கூடாது. இது என் முப்பத்தொரு பக்கத்தில் இல்லை. வால் டீப்பாயைத் தடவிக்கொண்டு போனது. குரோஷா விரிப்பு என்பது என்ன? நூலால் கட்டிய ஓட்டைகளின் கூட்டம். உலகத்தில் அந்தத் தகடுகளுக்கென்றே செய்தது மாதிரி ஒரு துணி உண்டென்றால் அது குரோஷா விரிப்புதான். ஆறு தகடு ஒரே நேரத்தில் மாட்டின. என்ன நடக்கிறதென்று பார்க்க நான் ஒரு அடி முன்னால் வைத்தேன், விரிப்பு என்னோடு கிளம்பியது. அதன் மேலே படங்கள், அச்சுமுறுக்கு, இரண்டு டம்ளர் காப்பி.

"ஐயோ படம்!" என்று ரூபி பாய்ந்தாள். மேடமும் எழுந்து பாய்ந்தார். படங்களில் பத்தை ரூபி அப்படியே வாரி அணைத்துக்கொண்டாள். மீதி இரண்டின்மேல் காப்பி ஓடியது. துடைக்க உதவலாமென்று நான் முன்னால் போனேன். அப்போது மேடம் என் கூடவே வந்தார். அவருடைய நீலச்சேலையின் முந்தானை எனக்குப் பின்னால் ஏழாவது தகட்டிலோ எட்டாவது தகட்டிலோ இருந்தது.

"சார், நில்லுங்க!"

"மன்னிக்கணும் மேடம், இதோ எடுத்துவிடுகிறேன்" என்று முன்னால் இன்னொரு அடி.

"சார்!"

அந்த நிமிடத்தில் என் நிலை: கழுத்தில் திரை, காலில் ஸ்பிரிங் கம்பி, வாலில் மாமியார் பின்னிய விரிப்பு, விரிப்புக்கு அப்பால் மதுரைப் பதிப்பகம். கையில் மட்டும் நோட்டு பத்திரமாக இருந்தது.

ரூபி நிமிர்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத ஒரு குரல் அவளிடமிருந்து வந்தது.

"அசையாதிய!"

அசையவில்லை.

அவள் குனிந்து என் வாலை ஒரு முறை, நுனியிலிருந்து இடுப்பு வரை, பார்த்தாள். இரண்டு நொடி இருக்கும். "தலகீழாப் போட்டிருக்கு" என்றாள் மேடத்திடம். என்னிடம், "முன்னால ஒரு அடி வைக்கக் கூடாது. பின்னால போங்க. பைய. அப்படியே பின்னால."

பின்னால் போனேன். முதல் அடியில் மேடத்தின் முந்தானை தானாக நழுவியது. இரண்டாம் அடியில் விரிப்பு கழன்று விழுந்தது. மூன்றாம் அடியில் கம்பியும் திரையும் விட்டன. வந்த ஆறடியையும் ஒன்றிலும் படாமல் பின்னாலேயே கடந்து உள்ளறைக்குள் போய் நின்றேன். இயக்கம் மிகச் சிறப்பு.

அங்கேயே நின்றேன் என்று சொல்ல வேண்டும். கொக்கி முதுகில் இருந்தது, கைக்கு எட்டியது, அமுங்க மறுத்தது. வாலோடு உட்கார முடியாது. வெளியே போக முகம் இல்லை. போனாலும் முன்னால்தான் போக வேண்டும். மேடத்திடம் சொல்ல வேண்டுமென்று பதினான்கு குறிப்புகள் மனப்பாடம் செய்திருந்தேன். திரையில்லாத வாசலுக்குப் பக்கவாட்டில், பீரோவை ஒட்டி, மூச்சு விடாமல் நின்றேன். ரூபி இப்போது அடுப்பைப் பார்க்கப் போவாள், மேடம் கைப்பையை எடுப்பார், பதினொரு வருடம் இத்தோடு முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

துணியால் ஒற்றி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மேடத்தின் குரல்.

"ஏம்மா, உங்க படத்துல கீரிக்கு வால்ல தகடு ஒண்ணும் இல்லை, இல்லையா? அவர் ஏன் இவ்வளவு தகரத்தைக் கட்டிக்கிட்டு வந்தாரு?"

"அவுக புஸ்தகத்துல படிச்சிருக்காக மேடம்."

"நீங்க ஏன் போடல?"

ஒரு கேள்வி, இரண்டு கேள்வி. இது மூன்றாவது. நான் அடுப்புப் பக்கம் காலடிச் சத்தம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை.

"கீரிக்குக் கோவம் வந்தா வால் முடி எல்லாம் சிலுத்துக்கிட்டு நிக்கும் மேடம்," என்றாள் ரூபி. "வாலு இம்புட்டுப் பெருசாத் தெரியும். பாம்பு எதைக் கடிக்கணும்னு தெரியாம முடியக் கடிச்சிட்டுப் போயிரும். அதான் அதோட கவசம். அதுக்கு மேல தகட்ட மாட்டுனா, முடி எப்படி நிக்கும்? இருக்க கவசத்தக் கழத்துன மாதிரில்லா. அப்புறம், அது திரும்பும்போது வால் எதிர்ப்பக்கம் வீசும். இல்லன்னா விழுந்துரும். கனம் ஏத்துனா திரும்பவே முடியாது. இப்ப பாத்தியள்ல?"

மேடம் சிரித்துவிட்டார். நான் பீரோவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். (மெதுவாக.)

"வேர்ல மட்டும் தோல்பட்டை போட்டிருக்கீங்களே, அது எதுக்கு?"

"அங்கதான் முதுகெலும்பு முடிஞ்சு வால் ஆரம்பிக்கு. அங்க வெட்டு விழுந்தா கால் பலமும் போயிரும். அந்த இடத்துல முடியும் கம்மி. அதான் ஒரு சாண். பட்டையோட கொக்கி பாருங்க, முன்னால வயித்துப் பக்கம். அவசரம்னா அதுவே கழத்திக்கிடும்."

இப்படியே இருபது நிமிடம் பேசினாள். உடும்பின் வாலுக்கு ஏன் முள்பட்டை போட்டாள், அணில் தூதனுக்கு ஏன் கவசமே கிடையாது, நீர்நாய்க்கு வாலுறை தைத்தால் அது ஏன் முங்கிப்போகும். பதினொரு வருடம் தவளையையும் புறாவையும் எலும்பு எலும்பாக வரைந்தவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. நான் கேட்டதும் இல்லை. என்னுடைய பதினான்கு குறிப்புகளில் ஒன்றைக்கூட அவள் சொல்லவில்லை. ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

கடைசியில் மேடம் கேட்டார்: "இதையெல்லாம் எனக்கு எழுதுன கடிதத்துல ஏன் சொல்லல? எனக்கு வந்தது ஒன்பது பக்கம், எந்தக் கீரி ராஜா எத்தனை வருஷம் ஆண்டாருன்னு."

"கடுதாசி அவுக எழுதுனது மேடம்."

படங்களை அடுக்கும் சத்தம் கேட்டது.

"கதையையும் நீங்களே எழுதிருங்களேன்" என்றார் மேடம். "இப்ப எங்கிட்ட சொன்ன மாதிரியே எழுதுங்க. படம் எனக்கு வேணும். ரெண்டு படத்தைத் திரும்ப வரைஞ்சு குடுத்துருங்க. போட்டுரலாம்."

எங்கள் ஏற்பாட்டில் கதை நான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளறைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

புறப்படும் முன் மேடம் உள்ளறை வாசலில் வந்து நின்றார். "திரும்புங்க சார்" என்றார். திரும்பினேன். அந்த அம்மையார் என் முதுகுக்குப் பின்னால் குனிந்து, கொக்கியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, ஒரு ஆட்டு ஆட்டி, கழற்றிவிட்டார். "எங்க கார்லயும் இப்படித்தான் மாட்டிக்கும்" என்றார். ஐந்து கிலோ முந்நூறும் 'தொம்' என்று தரையில் விழுந்தது. நான் நன்றி சொன்னேனா என்று டைரியில் இல்லை.

டைரியில் இருப்பது இது. ஞாயிறு: ரூபி பேசவில்லை. திங்கள்: ரூபி பேசவில்லை. குரோஷா விரிப்பைச் சரிசெய்ய முயன்றேன், இன்னும் பிரிந்தது. செவ்வாய்: ரூபி பேசவில்லை, ஆனால் இரண்டாவது படத்தை முடித்துவிட்டாள், பழையதைவிட நன்றாக இருக்கிறது. புதன்: 'அந்த உப்ப இங்கன எடுங்க' என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை அவளே உட்கார்ந்து கதை எழுத ஆரம்பித்தாள். நான் நடுவில் எட்டிப் பார்த்து, "போர் எந்த மாதம் நடக்கிறது என்று போட்டால்..." என்றேன். அவள் பேனாவால் உள்ளறையைக் காட்டினாள். போய்விட்டேன்.

வாலை மைதீன் பாயிடம் திருப்பிக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னபோது அவர் தைக்கிற மெஷினை நிறுத்திவிட்டு, தையல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார். "அந்தம்மா சேலைக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார். ஆகவில்லை என்றேன். "ஓரத்த மடிச்சது யாருவே?" என்றார்.

புத்தகம் அடுத்த பள்ளிக்கூட விடுமுறைக்குள் வந்துவிட்டது. பார்சல் வந்த அன்று ரூபி அதைப் பிரிக்காமல் அரைமணி நேரம் மடியில் வைத்திருந்தாள். நான்தான் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தேன். அட்டையில் 'கதையும் படமும்: ரூபி' என்று இருந்தது. அவள் பெயரின் மேல் ஒரு விரலை வைத்து, எடுத்து, மை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகுதான் உள்ளே திறந்தாள். மூன்றாம் அத்தியாயத்தில் உடும்புப்படை ஆற்றங்கரைக்கு வருகிறது. வாலெல்லாம் பளபளவென்று தகடு, வாயெல்லாம் முதுகைப் பார்த்து. முள்ளுக்காட்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு தகட்டிலும் ஒரு முள் மாட்டிக்கொள்கிறது. எத்தனை இழுத்தாலும் முன்னால் போக முடியவில்லை. கீரிகள் ஈட்டியைத் தொடக்கூட இல்லை, மரத்தடியில் உட்கார்ந்து பார்க்கின்றன. உடும்புத் தளபதி மூக்குக்கண்ணாடி போட்டு, கையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறான். முகச்சாயல் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்களாம்.

ஏரலில் ரூபியின் அண்ணன் இருக்கிறார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நாங்கள் அங்கேதான் போவோம். முன்னறை முழுக்கக் கலர்த்தாள், சீரியல் லைட், வாசலில் நட்சத்திரம், மூலையில் குடில். பெரியவரிலிருந்து சின்னது வரை இருபது பேர் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். ரூபி முதலில் உள்ளே போவாள், "வாங்க ரைட்டரம்மா" என்று சேர் போடுவார்கள். நான் செருப்பைக் கழற்றி வாசலில் கால் வைக்கப் போவேன். அண்ணன் கையை நீட்டித் தடுத்துவிடுவார்.

"மாப்ள, அப்படியே திரும்பி நில்லும். பின்னாலயே வாரும். இப்பத்தான் எல்லாத்தையும் கட்டி முடிச்சிருக்கு."

இருபது பேரும் காத்திருப்பார்கள். நான் திரும்பி நின்று, தெருவைப் பார்த்தபடி, பின்னாலேயே நடந்து உள்ளே போவேன். இதுவரை ஒரு லைட்டுகூட அறுந்ததில்லை.